ஒரு சொல் அச்சேறிய வரலாறு

நோய்களுள் உடலைத் தாக்குவன பல. உடலோடு நாவையும் சேர்த்துக் கட்டிவிடுவன சில. காய்ச்சல் கண்ட பெண் அதனை அயல்வீட்டாரிடம் சொல்லுகிறாள். கால் முறிந்தவள் கண்டவரிடமெல்லாம் சொல்லுகிறாள். ஆனால், மார்பிலே ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டதை உணர்ந்த பெண், அதனைத் தாயிடம் சொல்வதா, கணவனிடம் சொல்வதா, வைத்தியரிடம் சொல்வதா என்று எண்ணி எண்ணி, ஈற்றில் ஒருவரிடமும் சொல்லாமலே மாதங்களைக் கழித்துவிடுகிறாள். "சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்" என்று நம் முன்னோர் கூறிய நிலை இதற்கு மிகவும் பொருந்தும். இம்மௌனம் நமது நாட்டிற்கு மாத்திரம் உரியதன்று. செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் முன்னணியில் நின்ற ஐக்கிய அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே மௌனம் நிலவியது. அம்மௌனம் எவ்வாறு கலைந்தது, கலைத்தவர் யாவர், கலைந்ததனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பனவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

1950களின் தொடக்கத்தில் நியூயோர்க் நகரில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் சிறு சம்பவம் ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஃபனி ரோஸ்னோ என்னும் மாது மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகிப் பிழைத்தெழுந்தவர். தம்மைப்போல் அந்நோய்க்கு ஆளான பெண்கள் ஒருங்குகூடி, ஒருவர்க்கொருவர் ஆறுதல் கூறிக்கொள்ள ஒரு கூட்டம் நடாத்த வேண்டுமென்று அவர் விரும்பினார். அதற்கான விளம்பரத்தை வெளியிடுமாறு 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகைக்குத் தொலைபேசியிற் பேசினார். சமூகச் செய்திகளுக்குப் பொறுப்பான ஆசிரியரோடு அவருக்குத் தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. மறுமுனையில் நீண்டதொரு மௌனம். பின்னர், 'மார்பகம்' என்ற சொல்லையோ 'புற்றுநோய்' என்ற சொல்லையோ எமது பத்திரிகையில் அச்சிடுதல் இயலாது என்றும், 'நெஞ்சுச் சுவர் நோய்கள்' பற்றிய கூட்டம் என்று வேண்டுமானால் போடலாம் என்றும் விடை வந்ததாம். ரோஸ்னோ அருவருப்புடன் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இக்கதை பின்னாளில் எழுதப்பட்ட நூல்கள் வாயிலாக நமக்குக் கிடைப்பது. அதனை ஆராயாது ஏற்றுக்கொள்ளலாகாது. அப்பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்ப்போர், மருத்துவ ஆராய்ச்சி பற்றிய செய்திகளில் அவ்விரு சொற்களும் அதற்கு முன்னரே இடம்பெற்றிருத்தலைக் காண்பர். அங்ஙனமாயின் கதை பொய்யோ? பொய்யென்று தள்ளவேண்டியதில்லை. உண்மை இதனினும் நுட்பமானது. வைத்தியர் ஒருவர் மாநாட்டிலே நோயைப் பற்றிப் பேசினால் அது விஞ்ஞானம், அச்சொல் அச்சேறும். நோயாளி ஒருத்தி தன்னைப்போன்ற பெண்களை நோக்கிப் பேசினால் அது அடக்கமின்மை, அதற்கு இடமில்லை. ஆகவே, அக்காலத்தில் தடுக்கப்பட்டது சொல்லன்று, சொல்பவளே தடுக்கப்பட்டாள். இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வரும் வரலாறு விளங்காது.

பெண்ணொருத்தி தன் வேதனையைத் தானே எழுதி வைத்த செய்தி அதற்கும் முன்னர் உண்டு. ஆங்கில நாவலாசிரியை ஃபனி பேர்னி 1811ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே, பாரிஸ் நகரில், மயக்க மருந்தெதுவும் இல்லாத அக்காலத்தில், மார்பகத்தை நீக்கும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். நெப்போலியனுடைய படைகளுக்குச் சத்திரவைத்தியராக விளங்கிய லரே என்பவரே அதனைச் செய்தார். மாதங்கள் பல கழிந்த பின்னர் பேர்னி தமது சகோதரிக்கு அதனை விரிவாக எழுதினார். அக்கடிதம் குடும்பத்தாருக்காக எழுதப்பட்டது. உலகம் அதனை முழுமையாகப் படிக்கக் கிடைத்தது நெடுங்காலம் கழிந்த பின்னரே. பேர்னி 1840ஆம் ஆண்டுவரை உயிர் வாழ்ந்தார். உயிர் தப்பியவளின் குரல் இருந்தும், அது பிற நோயாளிகளின் காதுகளை எட்டவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போல்ரிமோர் நகரத்துச் சத்திரவைத்தியர் வில்லியம் ஹால்ஸ்ரெட் ஒரு முறையை நிலைநாட்டினார். மார்பகத்தோடு அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றுவது அம்முறை. அதனால் உயிர் பெற்றோர் பலர். ஆயின், உயிரோடு எழுந்தவர்களுட் பலருக்குக் கை வீங்கியது. தலை வாரக் கையைத் தூக்குதலும் அரிதாயிற்று. அதனோடு மற்றொரு வழக்கமும் சேர்ந்தது. கட்டியிலே புற்று உண்டோ இல்லையோ என அறியும் பொருட்டுப் பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்துவர். சிறு துண்டை வெட்டிச் சோதிப்பர். புற்றென்று கண்டால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தை அகற்றிவிடுவர். கண்விழித்து, கட்டைத் தடவிப் பார்த்த பின்னரே தன்னுடல் யாதாயிற்றென்பது அப்பெண்ணுக்குத் தெரியவரும். ஏறக்குறைய 80 ஆண்டுகள் இம்முறையே அமெரிக்காவில் ஓங்கி நின்றது.

இனி, மக்களிடம் செய்தி கொண்டுசென்ற முயற்சிகளைக் காண்போம். 1913ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயோர்க்கிலே வைத்தியர்களும் பொதுமக்களுட் சிலருமாகப் பதினைவர் கூடிப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். இன்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் என்று வழங்குவது அதுவேயாகும். அதே ஆண்டில் சாமுவேல் ஹொப்கின்ஸ் அடம்ஸ் என்னும் பத்திரிகையாளர், இல்லத்தரசிகள் பெரிதும் விரும்பிப் படித்த மாத சஞ்சிகை ஒன்றிலே புற்றுநோய் பற்றி எழுதினார். வெளிப்படையாக எழுதுவதே அவமானம் என்றிருந்த காலத்தில், இது பெரிய துணிவேயாகும். கட்டியைக் கண்டால் காலந்தாழ்த்தாதே என்பதே அன்றைய செய்தியின் சாரம்.

அச்செய்தியை வீடுதோறும் கொண்டுசெல்ல 1936ஆம் ஆண்டிலே 'பெண்கள் களப்படை' தோற்றுவிக்கப்பட்டது. காக்கிச் சீருடை அணிந்து, பதவி அடையாளங்கள் தரித்து, உண்மையான படையினரைப் போலவே அம்மாதர் தெருத்தெருவாகச் சென்றனர், துண்டுப் பிரசுரம் வழங்கினர், நிதி திரட்டினர். 1935இல் அந்நாடெங்கும் புற்றுநோய்த் தடுப்பு வேலையில் ஈடுபட்டோர் 15,000 பேரளவினர் என்றும், 1938இல் அத்தொகை 150,000 ஆயிற்று என்றும் அச்சங்கத்தின் வரலாறு கூறுகிறது. மூன்றே ஆண்டுகளில் பதின்மடங்கு! பெண்கள் பேசத் தயங்கினர் என்பது எவ்வளவு உண்மையோ, பேச ஒரு வழி கிடைத்தவுடன் திரண்டெழுந்தனர் என்பதும் அவ்வளவு உண்மை.

வானொலியின் கதை நமக்குச் சிறப்பாக உரியது. 1940களின் தொடக்கம்வரை அமெரிக்க வானொலி நிலையங்கள் 'புற்றுநோய்' என்ற சொல்லை ஒலிபரப்பத் தயங்கின. மேரி லாஸ்கர் என்னும் அம்மையாரும், விளம்பரத் தொழிலிலே பெரும்புகழ் பெற்றிருந்த அவருடைய கணவர் அல்பேட் லாஸ்கரும், தமது செல்வாக்கைப் பயன்படுத்தி அத்தயக்கத்தை நீக்க முயன்றனர். சவர்க்காரத்தையும் பற்பசையையும் மக்களிடம் கொண்டுசென்ற அதே கருவி, நோயைப் பற்றிய அறிவையும் கொண்டுசெல்லலாயிற்று. அதன்பின் சங்கத்திற்கு இலட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த நன்கொடை கோடிக்கணக்கில் உயர்ந்தது; ஆராய்ச்சிக்கென்று தனி நிதியும் ஒதுக்கப்பட்டது.

இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயினும், இப்பிரசாரத்தில் ஒரு பெருங் குறை இருந்தது. "உடனே வைத்தியரிடம் செல்" என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. வைத்தியரிடம் சென்று, சத்திரசிகிச்சையும் முடிந்து, வீட்டுக்குத் திரும்பிய பெண்ணின் நிலை யாது? அவள் எந்த உடையை அணிவாள்? குழந்தையை எந்தக் கையால் தூக்குவாள்? கணவன் முகத்தை எவ்வாறு நோக்குவாள்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் பிரசுரம் ஒன்றேனும் இருக்கவில்லை. சாவைப் பற்றி எச்சரித்தவர்கள், வாழ்வைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்குறையை நிரப்பியவர் தெரேஸ் லாசர். 1952ஆம் ஆண்டிலே நியூயோர்க்கின் மெமோரியல் வைத்தியசாலையில் அவருக்கு ஹால்ஸ்ரெட் முறையிலான சத்திரசிகிச்சை நடைபெற்றது. வீட்டில் என்ன செய்யவேண்டும், கையை எவ்வாறு பழக்கவேண்டும் என்று அவர் கேட்ட கேள்விகளுக்குத் தக்க விடை கிடைக்கவில்லை. லாசர் சோர்ந்து கிடக்கும் இயல்பினரல்லர். தாமாகவே கையைத் தூக்கிப் பழகினார். சுவரிலே விரல்களை ஊன்றி நாளுக்கு நாள் சிறிது உயரமாக ஏறவைத்தார். பின்னர் அதே வைத்தியசாலைக்குத் திரும்பிச் சென்று, அப்பொழுதுதான் சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்த பெண்களின் கட்டிலருகில் நின்றார்.

அவர் கையிலே ஒரு சிறு பொதி இருந்தது. கையைப் பழக்குதற்குரிய பந்து ஒன்று, கயிறு ஒன்று, சட்டையினுள்ளே தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெத்தென்ற உறை ஒன்று, பயிற்சிகளை விளக்கும் சிறு நூல் ஒன்று: இவையே அவருடைய மருந்துகள். எல்லாவற்றிலும் பெரிய மருந்து அவரே. நன்றாக உடுத்து, நிமிர்ந்து நடந்து வந்த அந்தப் பெண், "எனக்கும் இதுவே நடந்தது, இதோ நான் நிற்கிறேன்" என்று கூறும்பொழுது, படுத்திருந்தவள் முதன்முறையாகத் தனக்கு முன்னே நாளை என்றொன்று இருப்பதைக் கண்டாள். பத்திரிகை செய்யமுடியாததை, வானொலி செய்யமுடியாததை, அந்த ஒரு வருகை செய்தது. இதற்கு 'நலம் நோக்கி நீளும் கரம்' என்ற கருத்துப்பட ஒரு பெயரையும் அவர் சூட்டினார்.

வைத்தியர்கள் அனைவரும் இதனை விரும்பினரென எண்ணலாகாது. வைத்தியப் பட்டமெதுவும் இல்லாத ஒருத்தி, அழையாமலே தம்முடைய நோயாளியிடம் சென்று பேசுவதைப் பலர் வெறுத்தனர். லாசர் தளரவில்லை. நகரம் நகரமாகச் சென்று, தாம் உதவிய பெண்களையே தொண்டர்களாகப் பழக்கினார். ஈற்றில் 1969ஆம் ஆண்டிலே அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் இவ்வியக்கத்தைத் தனதாக ஏற்றுக்கொண்டது. அங்கீகாரம் கிடைத்தது, அதற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. வைத்தியரின் அனுமதியின்றி நோயாளியைக் காணலாகாது. எந்தச் சிகிச்சை சிறந்தது என்று பேசலாகாது. தொண்டர், ஆறுதல் கூறலாம், கேள்வி எழுப்பலாகாது. 1970களில் இவ்வியக்கம் கடல்கடந்து ஐரோப்பாவிலும் பரவியது. பிரித்தானியாவிலே, அதே நோயிலிருந்து மீண்டெழுந்த பெற்றி வெஸ்ற்கேற் என்னும் மாது அத்தகைய சங்கம் ஒன்றைத் தமது முயற்சியால் தொடங்கினார்.

கட்டிலருகே இவ்வாறு பேச்சு நிகழ்ந்துகொண்டிருக்க, வெளியுலகிலே மௌனம் நீடித்தது. இதற்கு உருக்கமானதொரு சான்று ரேச்சல் காசன் அம்மையாரின் வாழ்வு. பூச்சிகொல்லி மருந்துகளின் தீமையை உலகறியச் செய்த 'மௌன வசந்தம்' என்னும் நூலை 1962ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அவர். 1960இல் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர், அவர் நேராகக் கேட்டபோதும், புற்று இருந்த உண்மையைக் கூறவில்லை. உண்மையைப் பின்னர் அறிந்த காசனும், தமது நோயை எதிரிகள் தமது நூலுக்கெதிராகப் பயன்படுத்துவர் என்று அஞ்சி, அதனைப் பொதுமக்களிடமிருந்து மறைத்தார். 1964ஆம் ஆண்டு ஏப்ரலிலே, 56ஆவது வயதில், அவர் காலமானார். இரசாயனத் தொழிற்சாலைகளுக்கு அஞ்சாத அந்தப் பெண்மணியையும் இந்த ஒரு சொல் மௌனமாக்கியது.

மௌனத்தின் மதில் உடைந்தது 1972ஆம் ஆண்டிலே எனலாம். சிறுமியாயிருந்தபொழுது வெள்ளித்திரையில் உலகத்தையே மயக்கிய ஷேர்லி ரெம்பிள், அப்பொழுது ஷேர்லி ரெம்பிள் பிளாக் என்னும் பெயருடன் அரசியற்றுறையில் ஈடுபட்டிருந்தார். அவ்வாண்டு நவம்பரிலே தமக்குச் சத்திரசிகிச்சை நடந்த செய்தியை வைத்தியசாலையில் இருந்தே பத்திரிகையாளரிடம் அவர் வெளியிட்டார்; அடுத்த ஆண்டில் மாதர் சஞ்சிகை ஒன்றிலும் எழுதினார். வீட்டிலே அஞ்சியிருக்க வேண்டாம் என்பதே அவர் பெண்களுக்குக் கூறிய செய்தி. அன்றியும், சோதனையையும் சத்திரசிகிச்சையையும் ஒரே மயக்கத்திற் செய்ய அவர் உடன்படவில்லை. முடிவு தம்முடையதாக இருத்தல் வேண்டுமென்று வற்புறுத்தினார்.

இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1974ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஜெரல்ட் போர்ட் அமெரிக்க ஜனாதிபதியானார். அடுத்த மாதம் 28ஆம் திகதி அவருடைய மனைவி பெற்றி போர்ட் அம்மையாருக்கு மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. முந்திய ஆட்சியின் ஒளிவு மறைவுகளால் மக்கள் வெறுப்புற்றிருந்த காலம் அது. புதிய ஜனாதிபதியின் மாளிகையோ எதனையும் மறைக்காது வெளியிட்டது. பத்திரிகைகளின் முதற்பக்கத்தில், தொலைக்காட்சியில், வானொலியில், முன்னர் தயக்கத்தோடு கூறப்பட்ட அச்சொல் நாள்தோறும் ஒலித்தது. அடுத்த மாதமே, உப ஜனாதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த நெல்சன் றொக்பெல்லரின் மனைவிக்கும் அதே சிகிச்சை நடந்தது. பெண்கள் சோதனை நிலையங்களை நோக்கித் திரண்டனர். அவ்வாண்டிலே பதிவான நோயாளரின் தொகை திடீரென உயர்ந்தது. நோய் பெருகியதால் அன்று. மறைந்திருந்தது வெளிப்பட்டதாலேயே அவ்வுயர்வு.

இந்நிகழ்ச்சியின் பின்னணியிலே இன்னொரு குரலும் ஒலித்தது. ரோஸ் குஷ்னர் என்பவர் பத்திரிகையாளர். அதே 1974ஆம் ஆண்டில், தம் மார்பிலே கட்டி ஒன்றைக் கண்ட அவர், வைத்தியரிடம் செல்லுமுன் நூலகத்திற்குச் சென்றார். ஹால்ஸ்ரெட் முறையின் இன்றியமையாமையை ஐரோப்பிய வைத்தியர் பலர் ஏற்கவில்லை என்பதை அங்கே கற்றறிந்தார். பெற்றி போர்ட் அம்மையாரின் சிகிச்சை பற்றி அறிந்தவுடன் வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசியிற் பேசி, சோதனையையும் சத்திரசிகிச்சையையும் வேறு வேறாகச் செய்யுமாறு வேண்டினார். ஜனாதிபதி தமது முடிவைச் செய்துவிட்டார் என்ற விடை கிடைத்தது. முடிவு யாருடைய உடலைப் பற்றியது, முடிவு செய்தவர் யார் என்பதைக் கவனித்தல் வேண்டும். ரோஸ்னோ பேசிய தொலைபேசியும் குஷ்னர் பேசிய தொலைபேசியும் ஒரே விடையையே வேறு வேறு மொழியிற் கூறின.

குஷ்னர் 1975ஆம் ஆண்டில் தமது அனுபவத்தையும் ஆராய்ச்சியையும் ஒரு நூலாக வெளியிட்டார். மேரிலாந்து மாநிலத்தில் ஆலோசனை நிலையம் ஒன்றையும் நிறுவினார். கடிதங்களுக்கு விடை எழுதுவதும், தொலைபேசியில் வரும் வினாக்களுக்கு விளக்கம் கூறுவதுமே அந்நிலையத்தின் பணி. எழுதியவர் யாரெனத் தெரியாத பிரசுரத்திற்குப் பதிலாக, கேட்டால் விடை சொல்லும் ஒரு மனிதக் குரல் கிடைத்தது. 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய அறிஞர் குழுவிலே வைத்தியரல்லாத உறுப்பினராக அவர் அமர்ந்தார். சோதனை வேறு, சிகிச்சை வேறு என்று இரண்டு படிகளாகச் செய்தலே முறை என்று அக்குழு பரிந்துரைத்தது. ஹால்ஸ்ரெட் முறையினும் குறைந்த சத்திரசிகிச்சை போதுமென்றும் கூறியது. 1985ஆம் ஆண்டில், பேர்னாட் பிஷர் என்னும் வைத்தியரின் தலைமையில் நடந்த பெரும் பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. ஆரம்ப நிலையிலுள்ள நோய்க்குக் கட்டியை மாத்திரம் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளித்தாலும், மார்பகம் முழுவதையும் அகற்றிய பெண்களின் ஆயுளுக்கு அது குறையவில்லை என்பது நிரூபிக்கப்பட்டது. விஞ்ஞானி ஆய்வுகூடத்திற் கண்டதும், நோயாளி கேள்வியால் வற்புறுத்தியதும் ஒரே இடத்திற் சந்தித்தன. குஷ்னர் 1990ஆம் ஆண்டில் அந்நோயாலேயே மறைந்தார்.

ஆறுதல் கூறுவோரையே கேள்வி கேட்ட ஒருவரையும் இங்கே குறிப்பிடாது விடுதல் முறையன்று. கவிஞர் ஓட்ரி லோட், கறுப்பினத்தவர். கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் மகள். 1978இல் அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது, லாசரின் இயக்கத்தைச் சேர்ந்த தொண்டர் ஒருவர் அன்போடு வந்து, சட்டையினுள் வைக்கும் உறையைக் கொடுத்தார். வந்தவரின் நல்லெண்ணத்தை லோட் மறுக்கவில்லை. ஆனால், வெளிறிய ரோசா நிறத்து அந்த உறை தமது மேனியின் நிறத்தோடு பொருந்தாததைக் கண்டார். ஒன்றும் நடவாததுபோல் காட்டிக்கொள்ளவேண்டும் என்னும் நோக்கத்தையும் கண்டார். உறையின்றி வைத்தியரின் நிலையத்திற்குச் சென்றபோது, அது அங்குள்ள ஏனைய நோயாளிகளின் மனத்தளர்ச்சிக்குக் காரணமாகும் என்று தாதி ஒருவர் கடிந்துகொண்டார். மறைத்தலே ஆறுதலாகுமாயின், நோயுற்ற பெண்கள் ஒருவரையொருவர் எவ்வாறு அடையாளங் காண்பர் என்று லோட் வினவினார். 1980இல் வெளிவந்த அவருடைய நூல் அவ்வினாவை உலகின்முன் வைத்தது. லாசரின் பணியை இவ்வினா அழிக்கவில்லை. அதன் எல்லையை வரைந்து காட்டியது.

1985ஆம் ஆண்டு முதல் ஒக்ரோபர் மாதம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாக அமெரிக்காவிற் கொண்டாடப்படலாயிற்று. 1990களின் தொடக்கத்திலே சார்லொற் ஹேலி என்னும் மாது தமது சாப்பாட்டறையிலே அமர்ந்து, பீச் பழத்தின் நிறமுள்ள நாடாக்களைச் சுருக்கிட்டு, அட்டைகளிற் பொருத்தி ஊரெங்கும் வழங்கினார். தேசிய புற்றுநோய் நிறுவகத்தின் ஆண்டுச் செலவிலே ஐந்து சதவீதமே நோய்த் தடுப்புக்குச் செல்கிறது என்பதை எடுத்துக்காட்டி, அரசினரை விழிப்பிக்க உதவுமாறு அவ்வட்டையிலே எழுதப்பட்டிருந்தது. சஞ்சிகை ஒன்றும் அழகுப்பொருள் நிறுவனம் ஒன்றும் அந்நாடாவைப் பயன்படுத்த அனுமதி கோரின. அது வியாபாரப் பொருளாகிவிடும் என்று ஹேலி மறுத்தார். 1992இல் நிறம் மாற்றப்பட்டு இளஞ்சிவப்பு நாடா பிறந்தது; உலகெங்கும் பரவியது. அட்டையில் இருந்த வாசகமோ பரவவில்லை.

இங்கேதான் இவ்வரலாற்றின் திருப்பம் உளது. 1950களின் தொடக்கத்தில், நோயாளி ஒருத்தியின் விளம்பரத்தில் அச்சொல்லை அச்சிடப் பத்திரிகை முன்வரவில்லை. 40 ஆண்டுகளின் பின், அதனை அச்சிடாத பொருளே கடைகளில் இல்லை என்னும் நிலை தோன்றியது. பொதிகளிலெல்லாம் இளஞ்சிவப்பு நாடா. வாங்குவோர் கொடுக்கும் காசில் நோயாளிக்குச் சேர்வது எவ்வளவு என்பதை அறிவது எளிதாக இருக்கவில்லை. நோயாளர் சங்கங்களுள்ளே ஒன்று 2002ஆம் ஆண்டில், நாடாவைக் கண்டவுடன் வாங்காது சிந்தித்து வாங்குமாறு மக்களைக் கேட்கும் இயக்கத்தையே தொடங்கியது. மௌனம் ஒருவகையில் நோயாளியை மறைத்தது. பேரிரைச்சல் மற்றொருவகையில் மறைத்தது. நோய் பரவிய நிலையில் வாழும் பெண், வெற்றிக் கொண்டாட்டங்களின் நடுவே தனக்கு இடமில்லை என்று உணரும் துன்பமும் இதனுள் அடங்கும்.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடம் யாது? நோயாளருக்குத் துணைநிற்கும் சங்கம் ஒன்று பத்திரிகையையும் வானொலியையும் நாடுவது பெயர் பெறுவதற்கன்று. தனியே வருந்துபவளுக்கு வழி காட்டுவதற்கே. ஆகவே ஒவ்வொரு செய்தியிலும் மூன்று இருத்தல் வேண்டும். முதலாவது, அறியவேண்டிய உண்மை: கட்டி, தோலின் சுருக்கம், காம்பிலிருந்து கசியும் குருதி முதலிய அறிகுறிகளைக் கண்டால் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதும், எல்லாக் கட்டிகளும் புற்றல்ல என்பதும். இரண்டாவது, செல்லவேண்டிய இடம். மூன்றாவது, பேசுவதற்கு ஒரு மனிதர். முதலாவதை மாத்திரம் கூறுவது அச்சத்தை விதைக்கும். மூன்றையும் கூறுவதே பணி. 1913இன் பிரசாரத்திலே முதலிரண்டும் இருந்தன. மூன்றாவதை லாசர் சேர்த்தார். கேட்கும் உரிமையைக் குஷ்னர் சேர்த்தார்.

நமது நாட்டிலும் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 23 இலட்சம் பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். 670,000 பேர் உயிரிழந்தனர். 1996ஆம் ஆண்டு முதல் இலங்கைச் சுகாதாரத் திணைக்களம் நடாத்திவரும் பெண்கள் நலச் சிகிச்சை நிலையங்களிலே மார்பகச் சோதனையும் அடங்கும். 2011ஆம் ஆண்டில், தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டும் பொருட்டுத் தென்கோடியாகிய தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறைவரை மக்கள் நடந்து சென்றதைப் பலர் நினைவு கூர்வர். வழியெங்கும் ஊரவர் கூடி வரவேற்ற அந்நடையிலே, புற்றுநோய் என்னும் சொல் வீதியிலே வெளிப்படையாகப் பேசப்பட்டது. வைத்தியசாலை உண்டு, நிலையம் உண்டு. கட்டியைத் தொட்டுணர்ந்த பெண்ணுக்கும் அந்நிலையத்துக்கும் இடையேயுள்ள தூரம் மைல்களால் அளக்கப்படுவது மாத்திரமன்று. வெட்கத்தாலும், மகளின் திருமணம் என்னாகுமோ என்ற கவலையாலும் அளக்கப்படுவது.

அந்தத் தூரத்தைக் கடக்க வானொலிக்கு ஒரு தனி ஆற்றல் உண்டு. பத்திரிகை வாசிப்பவளைப் பிறர் காண்பர். கூட்டத்துக்குச் செல்பவளையும் காண்பர். அடுப்படியில் வேலை செய்துகொண்டே கேட்பவளின் மனத்தில் என்ன நிகழ்கிறதென்பதை எவரும் அறியார். அவ்வாறு கேட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தி, இன்றே யாரிடமாவது ஒரு சொல் சொல்வாளாயின் அதுவே பெரும் பயன். ஃபனி ரோஸ்னோ அன்று தொலைபேசியை வைத்துவிட்டார். மறுமுனையிலிருந்தவர் அவர் கூறவந்ததைக் கேட்கவில்லை. நம் வீட்டிலே ஒரு தாயோ தமக்கையோ தயங்கித் தயங்கி அச்சொல்லை எடுக்கும்பொழுது, மறுமுனையில் இருப்பவர் நாமே என்பதை மறவாதிருப்போமாக.